ரீச்சரைக் கேளுங்கள்: குண்டுகரிச்சானா, திமிங்கிலமா?

இம்மாதம் வந்த கடிதங்களில் ஆறு, மல்லாவியில் ஒரே பாடசாலையில் இருந்து வந்தவை. மூன்று பறவைக் கட்சி, மூன்று திமிங்கிலக் கட்சி. இரு தரப்பும் தாங்கள் இரகசியமாக எழுதுவதாக நினைத்திருக்கிறார்கள். ஒரே உறையில் போட்டிருந்தால் முத்திரைச் செலவாவது மிஞ்சியிருக்கும். ஒருத்தியின் கடிதத்துக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். மற்ற ஐவரும் எப்படியும் வாசிக்கத்தான் போகிறார்கள்.

கேள்வி: ரீச்சர், எங்கள் பாடசாலைப் பட்டிமன்றத்தில் "பெரிதும் வியக்கத்தக்கது பாடும் பறவையா, திமிங்கிலமா" என்பது தலைப்பு. நான் பறவை அணி. எதிர் அணியினர் திமிங்கிலத்தின் நாக்கே ஒரு யானையின் நிறை என்று சொல்லிப் பயமுறுத்துகிறார்கள். எங்களுக்கு வெல்ல ஒரு வழி சொல்லுங்கள்.
— தரம் 10 மாணவி, மல்லாவி

பதில்: பிள்ளை, பாடும் பறவை என்று பொதுவாகப் பேசத் தொடங்கினால் தோற்றுவிடுவாய். அந்த வகையில் உலகில் நாலாயிரத்துக்கு மேற்பட்ட இனங்கள் உண்டு. அத்தனையையும் மேடையில் ஏற்றினால் ஒன்றும் கண்ணில் நிற்காது. அவர்களோ ஒரேயொரு நீலத் திமிங்கிலத்தைக் கொண்டுவந்து படுக்க வைப்பார்கள், மண்டபம் நிறைந்துவிடும். நீயும் ஒன்றைப் பிடி. உன் வேலியில் இருப்பதைப் பிடி. நான் என்றால் குண்டுகரிச்சானைத்தான் பிடிப்பேன். சிங்களத்தில் பொல்கிச்சா என்பார்கள். பங்களாதேசத்தின் தேசியப் பறவையும் இதுவே.

எங்கள் கிணற்றடிக்குப் பின்னால் ஒரு மொட்டைப் பனை நின்றது. 2009இல் தலை போன பனை. நாங்கள் ஒட்டுசுட்டானுக்குத் திரும்பி வந்தபோது அதை வெட்டச் சொன்னார்கள். முதலில் ஆள் கிடைக்கவில்லை, பிறகு மனம் வரவில்லை. மரங்கொத்தி வந்து அதில் ஒரு பொந்து கொத்தியது. அது போன பின் மைனா இருந்தது. மைனாவும் போன பின் குண்டுகரிச்சான் குடிவந்தது. 2020 டிசெம்பரில் புரெவிப் புயலோடு பனை சாய்ந்தது. அடுத்த பங்குனியில் பார்த்தால், தண்ணீர்த் தொட்டிச் சுவரில் குழாய்க்கென்று விட்டு, பிறகு குழாயே போடாத ஓட்டைக்குள் பெண் குருவி வேரும் தும்பும் கொண்டுபோகிறது. மேசன் விட்ட பிழையால் எனக்கு வாய்த்த ஒரே நன்மை அது.

விடிவதற்கு முன், நான் அடுப்பு மூட்டும் நேரத்தில் ஆண் தொடங்கும். மேலே மினுங்கும் கறுப்பு, வயிறு வெள்ளை, செட்டையில் ஒரு வெள்ளைக் கோடு. வாலைத் தூக்கி வைத்துக்கொண்டு, தொண்டை மயிர் சிலிர்க்க, வேப்ப மரத்தின் ஆக உச்சிக் கொப்பில் இருந்துதான் பாடும். கீழ்க் கொப்பில் இருந்து அது பாடி நான் பார்த்ததில்லை. வாலோடு சேர்த்து அளந்தால் 19 சென்ரிமீற்றர் வரும். நிறை 35 கிராம் அளவு, அதாவது ஒரு சவர்க்காரக் கட்டியில் மூன்றில் ஒரு பங்கு.

நீலத் திமிங்கிலம் 30 மீற்றர் வரை நீளும், 150 தொன் வரை நிறுக்கும். பூமியில் இதுவரை வாழ்ந்ததாக நாம் அறிந்த விலங்குகளில் அதுவே மிகப் பெரியது. இலங்கையைச் சுற்றித் திரிபவை அந்தாட்டிக்காவில் உள்ளவற்றைவிடச் சிறியவை. அப்படியிருந்தும் உங்கள் வகுப்பறைக்குள் அடங்கா. 150 தொன் திமிங்கிலம் ஒன்றுக்கு ஈடு வைக்க நாற்பது இலட்சத்துக்கு மேல் குண்டுகரிச்சான் வேண்டும். இந்தக் கணக்கை நீயே எழுந்தவுடன் முதலாவதாகச் சொல்லிவிடு. எதிரியின் கையில் உள்ள பெரிய கல்லை நீ எடுத்துக் கீழே வைத்துவிட்டால், அவர்கள் எறிவதற்கு வேறு தேட வேண்டும்.

பிறகு இதயத்துக்கு வா. அமெரிக்காவில், கலிபோர்னியாவின் மொன்ரரே விரிகுடாவில், ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தார் ஒரு நீலத் திமிங்கிலத்தின் மேல் உறிஞ்சு கிண்ணங்களால் கருவி ஒட்டி அதன் இதயத் துடிப்பை அளந்தார்கள். 2019இல் முடிவு வெளிவந்தது. ஆழத்தில் இரை தேடும்போது துடிப்பு நிமிடத்துக்கு இரண்டு வரை இறங்கியது. மேலே வந்து மூச்செடுக்கும்போது 37 வரை ஏறியது. சிறு குருவியின் இதயமோ நிமிடத்துக்குப் பல நூறு முறை அடிக்கும். மேடையில் உனக்கு ஐந்து நிமிடம் தருவார்கள். நீ பேசி முடிப்பதற்குள் ஆழத்தில் இருக்கும் திமிங்கிலத்துக்குப் பத்துத் துடிப்பு ஆகியிருக்கும், உன் குருவிக்கு இரண்டாயிரம் தாண்டியிருக்கும். அன்றைக்கு உன்னுடையதும் குருவியோடு போட்டி போடும், அதற்குப் பயப்படாதே.

எலும்பு பற்றியும் ஒன்று சொல்கிறேன். இதை அவர்கள் எதிர்பார்க்க மாட்டார்கள். என் அம்மாவின் ஊர் அளம்பில். எனக்குப் பத்து வயதிருக்கும், அங்கே செத்த திமிங்கிலம் ஒன்று கரையொதுங்கியது. ஒரு மாதம் ஊரே மூக்கைப் பொத்திக்கொண்டு திரிந்தது. தசையெல்லாம் போன பிறகு சின்ன மாமா அதன் முள்ளந்தண்டு எலும்பு ஒன்றை வாடிக்கு உருட்டிவந்து, அதில் இருந்துதான் வலை பொத்துவார். நான் ஏறி உட்கார்ந்தால் கால் நிலத்தில் முட்டாது. உடும்புத் தோல் போலச் சொரசொரத்திருக்கும். உச்சி வெயிலிலும் சூடேறாது. அந்த எலும்பு 1990களின் இடப்பெயர்வு ஒன்றில் போயிற்று. எலும்பைத் தூக்கிக்கொண்டு யார் ஓடுவது!

பல்கலைக்கழகம் போன பிறகுதான் எனக்கு இது தெரியும்: திமிங்கிலத்தின் கழுத்தில் இருப்பவை ஏழே ஏழு எலும்புகள். உனக்கும் ஏழு, ஒட்டகச்சிவிங்கிக்கும் ஏழு, எலிக்கும் ஏழு. பாலூட்டி என்றால் பெரும்பாலும் அவ்வளவுதான். குருவிக்கோ அதில் இருமடங்களவு. அதனால்தான் அது தன் முதுகைத் தானே கோதிக்கொள்கிறது. திமிங்கிலம் திரும்பிப் பார்க்க வேண்டுமானால் முழு உடம்பையும் திருப்ப வேண்டும். நாற்பது இலட்சத்தில் ஒரு பங்கு உடம்பில், கழுத்தெலும்பு மட்டும் இரட்டிப்பு. இதைச் சொல்லிவிட்டு ஒரு கணம் நிறுத்து. சபை சிரிக்கும்.

இனிக் குரல். நமக்குக் குரல்வளை தொண்டையில் மேலே இருக்கிறது. பறவைக்கு ஒலிப்பெட்டி கீழே, மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் கவட்டில் இருக்கிறது. இரு கிளைக்கும் தனித்தனிச் சவ்வுகள். இடப்பக்கம் ஒரு சுரம், வலப்பக்கம் வேறொரு சுரம் என்று ஒரே நேரத்தில் எழுப்பலாம். ஒரே தொண்டைக்குள் இரண்டு நாதஸ்வரக்காரர் இருப்பது போல. திமிங்கிலம் நீருக்கடியில் வாயையும் மூக்கையும் மூடிக்கொண்டு பாடுகிறது. காற்றை வெளியே விடாமல் உள்ளேயே சுழற்றிக்கொள்கிறது. பல்லில்லாத பெருந்திமிங்கிலங்கள் இதை எப்படிச் செய்கின்றன என்பது 2024இல்தான் துலங்கியது. கரையொதுங்கி இறந்த மூன்று திமிங்கிலங்களின் குரல்வளைகளை எடுத்து, அவற்றுக்குள் காற்றை ஊதிப் பார்த்தார்கள். அங்கே நம்முடையது போன்ற குரல்நாண் இல்லை. வளைந்த ஒரு தடித்த மடிப்பு, எதிரே உள்ள கொழுப்பு மெத்தையின் மேல் அதிர்ந்து ஒலி எழுப்புகிறது. இதைக் கண்டுபிடித்த டென்மார்க் ஆய்வுகூடம் அதற்கு முன் பல வருடங்களாக ஆராய்ந்தது என்ன தெரியுமா? குருவியின் தொண்டை! நீங்கள் எதிரெதிர் வாங்கில் இருத்தியிருக்கும் இரண்டையும் அவர்கள் ஒரே மேசையில் வைத்துவிட்டார்கள்.

உங்கள் தலைப்பில் எனக்குள்ள சண்டையும் அதுதான். குயிலை எடுத்துக்கொள். காகத்தின் கூட்டில் பொரித்து, காகம் ஊட்டி, காகத்தின் கரைதலையே நாள் முழுக்கக் கேட்டு வளர்கிறது. பருவம் வந்ததும் கூவுவது குயிலாகத்தான். அதற்கு ஆசிரியர் வேண்டியதில்லை, பாட்டு பிறவியிலேயே இருக்கிறது. சேவலும் அப்படித்தான். விலங்கியலில் பாடும் பறவைகள் என்ற வகையில் சேர்பவை அப்படியல்ல. 1950களில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் தோர்ப் என்பவர் ஒருவகைக் குருவிக் குஞ்சுகளைத் தம் இனத்தின் பாட்டே காதில் விழாமல் தனியே வளர்த்தார். வளர்ந்து அவையும் பாடின. நீளம் ஏறக்குறையச் சரி, உள்ளே உருப்படியாக ஒன்றுமில்லை. சரியாகப் பாட வேண்டுமானால் குஞ்சு முதலில் மூத்ததைக் கேட்க வேண்டும், பிறகு வாய்க்குள் முணுமுணுக்க வேண்டும், பிழைவிட வேண்டும், திருத்த வேண்டும். எங்கள் தொட்டிச் சுவரில் பறந்த குஞ்சுகளில் ஒன்று, ஆவணி மாதம் முழுக்கக் கறிவேப்பிலை மரத்துக்குள் ஒளிந்திருந்து கொன்னிக்கொண்டிருந்தது. யாரும் பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் நிறுத்திவிடும்.

குரலைக் கேட்டுப் பழகும் இந்தத் திறமை விலங்குகளில் மிக அரிது. நமக்கு இவ்வளவு நெருங்கிய சிம்பன்சியிடம்கூட இது சொல்லும்படியாக இல்லை. மனிதரிடம் உண்டு, பாடும் பறவை, கிளி, ஓசனிச்சிட்டு (ஹம்மிங்பேர்ட்) ஆகியவற்றிடம் உண்டு, வௌவால், யானை, கடல்நாய்ச் சாதியில் சிலவற்றிடம் உண்டு. திமிங்கிலத்திடமும் உண்டு. கூன்முதுகுத் திமிங்கிலம் எழுப்புவது வெறும் சத்தமல்ல, அடுக்கும் வரிசையும் உள்ள பாட்டு என்று 1971இல் ரொஜர் பெய்னும் ஸ்கொட் மக்வேயும் எழுதிக் காட்டினார்கள். ஒரு கடற்பகுதியில் உள்ள ஆண்கள் எல்லாம் ஒரே பாட்டைப் பாடும். அது மெல்ல மெல்ல மாறிக்கொண்டே வரும். எல்லாமே சேர்ந்து மாறும். அவுஸ்திரேலியாவின் கிழக்குக் கரையில் தோன்றிய பாட்டு, தீவு தீவாகத் தொற்றிப் பசுபிக்கின் நடுவே பிரெஞ்சு பொலினீசியா வரை போனதை 2011இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. நம் கோவலன் கூத்துப் பாட்டுக்கு ஊருக்கு ஊர் மெட்டு சற்றுச் சற்று மாறுவதைக் கூத்துப் பழக்கும் அண்ணாவிமார் சொல்வார்களே, அந்தக் கதைதான்.

பறவையும் பாலூட்டியும் ஒரு மூதாதையிடம் இருந்து பிரிந்து 30 கோடி வருடத்துக்கு மேலாகிறது. ஒன்று ஆகாயத்துக்குப் போயிற்று. மற்றது தரையில் கால் நடையாகத் திரிந்துவிட்டுப் பிறகு கடலுக்குத் திரும்பியது. இரண்டும் ஒன்றையொன்று பாராமல் ஒரே பழக்கத்துக்கு வந்திருக்கின்றன. இதை உன் கடைசி ஒரு நிமிடத்தில் சொல். "அது எங்கள் அணிக்கும் பொருந்துமே" என்று அவர்கள் எழும்புவார்கள். பொருந்தும்தான், ஆனால் நீ முதலில் சொல்லிவிட்டாய்.

கேள்வி: சென்ற இதழில் "குருவிகளில் ஆண் மட்டுமே பாடும்" என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் வளவில் சாம்பல் நிறப் பெண் குண்டுகரிச்சான் பாடுவதை இரண்டு நாள் நின்று பார்த்தேன். யார் பிழை?
— நெடுங்கேணி வாசகர்

பதில்: நான்தான் பிழை. பெண் குண்டுகரிச்சானும் பாடும். ஆணை விடக் குறைவாக, பெரும்பாலும் ஆண் அருகில் இருக்கும்போது. பாடும் பறவைகளில் தகவல் கிடைத்த இனங்களை 2014இல் எண்ணிப் பார்த்தபோது, அவற்றில் 71 சதவீதத்தில் பெண்ணும் பாடுவது தெரியவந்தது. பழைய பாடநூல்கள் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் எழுதப்பட்டவை. அங்குள்ள பல இனங்களில் பெண் வாய் திறக்காது. அங்கே யன்னலைத் திறந்து பார்த்து எழுதியதை, என் யன்னலைத் திறந்து பாராமல் 31 வருடம் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். என்னிடம் படித்தவர்கள் மன்னிக்க. திமிங்கிலங்களில் பாடுவது ஆண் என்றே இதுவரையான பதிவுகள் காட்டுகின்றன. அதையும் இப்போது கொஞ்சம் பயந்துதான் எழுதுகிறேன்.

கேள்வி: இரவில் இயந்திரத்தை நிறுத்தி, வலை விட்டுக் காத்திருந்தபோது, படகின் அடியில் இருந்து யாரோ தட்டுவது போல ஓசை கேட்டது. திமிங்கிலம் என்கிறார் மாமா. பேய் என்கிறான் கூட வந்தவன். உங்கள் கருத்து?
— கடற்றொழிலாளி, முல்லைத்தீவு

பதில்: தம்பி, எவ்வளவு தூரத்தில், எத்தனை பாகம் ஆழத்தில் என்பதை எழுதாமல் விட்டுவிட்டீர்கள். பதில் அதில்தான் இருக்கிறது.

கரையை அண்டி, சேற்றுத் தரையில் என்றால் அது மீன். கத்தாளை தன் காற்றுப்பையைத் தசையால் அதிரவைத்துக் கொறுகொறுக்கும். படகுத் தட்டில் காது வைத்தால் தவளைக் கூட்டம் போல இருக்கும். இதை உங்கள் மாமா அறிந்திருப்பார். நீங்கள் நெடுந்தூரம் போய், அடி காணாத ஆழத்தில் நின்றிருந்தால் மாமாவின் பக்கம் சாய்வேன். பெட்டி போன்ற தலையுடைய ஸ்பேர்ம் திமிங்கிலம் ஆயிரம் மீற்றருக்குக் கீழும் இறங்கி, அந்த இருட்டில் டக், டக், டக் என்று நொடிக்கு ஒன்றிரண்டாகத் தட்டி, எதிரொலியைக் கொண்டு கணவாய் தேடும். மரக்கப்பல் காலத்து மாலுமிகளுக்கு அந்தத் தட்டு கப்பலின் அடிப்பலகை வழியாகவே கேட்டிருக்கிறது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் தச்சன் மீன்.

நீலத் திமிங்கிலம் தட்டாது, இழுக்கும். 1984இல் திருகோணமலைக்கு அப்பால் நீருக்குள் ஒலிவாங்கி இறக்கி அவற்றின் குரலைப் பதிந்தார்கள். நம் பக்கத்துத் திமிங்கிலங்களின் பாட்டு மற்றக் கடல்களில் உள்ளவற்றின் பாட்டைப் போன்றதல்ல. கேட்டவுடன் ஊரைச் சொல்லிவிடலாம். அது மிகத் தாழ்ந்த குரல். கோயில் வீதியில் பெரிய மேளத்துக்குப் பக்கத்தில் நின்றால் காதுக்கு முன் நெஞ்சில் படுமே, அது போல. நீரில் ஒலி காற்றில் போவதை விட நான்கு மடங்குக்கு மேல் வேகமாக ஓடும், தாழ்ந்த குரல் நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் போகும். குண்டுகரிச்சான் ஒரு வளவுக்குப் பாடுகிறது, இது ஒரு கடலுக்குப் பாடுகிறது.

நீங்கள் இயந்திரத்தை நிறுத்தியதால்தான் அந்த ஓசை உங்களுக்குக் கேட்டது என்பதையும் கவனியுங்கள். பெருங்கப்பல்களின் இரைச்சல் விழுவது அதே தாழ்ந்த சுரங்களில்தான். தெற்கே தெவுந்தர முனையைச் சுற்றிப் போகும் கப்பல் பாதை நீலத் திமிங்கிலங்கள் இரை தேடும் இடத்துக்கு ஊடாகக் கிடக்கிறது. அங்கே கப்பல் மோதியும் அவை சாகின்றன. குருவி என்றால் சத்தமான சந்தியில் குரலை உயர்த்திப் பாடித் தப்பிக்கும். பெருந்திமிங்கிலத்தின் குரல்வளை அதற்கு இடம் கொடுக்காது என்பதும் மேலே சொன்ன 2024 ஆய்வில் தெரிந்ததுதான்.

பேய்க்கு என்னிடம் பதில் இல்லை. நான் விலங்கியல் படித்தவள்.

கேள்வி: கூட்டில் இருந்து விழுந்த குண்டுகரிச்சான் குஞ்சு ஒன்றை மகன் எடுத்து வந்து கூண்டில் வைத்திருக்கிறான். வளர்ந்தால் பாடும்தானே?
— ஒரு தாய், கிளிநொச்சி

பதில்: இந்த இதழ் கைக்கு வருவதற்குள் குஞ்சு பறந்திருக்கும் அல்லது செத்திருக்கும், என்றாலும் அடுத்த முறைக்காக எழுதுகிறேன். எடுத்த இடத்திலேயே, பூனைக்கு எட்டாத கொப்பில் வைத்துவிடுங்கள். மனிதக் கை பட்டால் தாய் தீண்டாது என்பது வெறும் கதை. தாயும் தகப்பனும் பக்கத்தில்தான் புழுவோடு நின்று கத்திக்கொண்டிருக்கும். கூண்டில் வைப்பது 1937ஆம் ஆண்டில் இருந்து உள்ள வன சீவராசிகள் சட்டப்படி குற்றமும் ஆகும்.

பாடுமா என்றால், பாடும். எதைப் பாடும் என்பதுதான் கேள்வி. பஸ் ஊதுகுழலையும் கைபேசி மணியையும் கேட்டு வளர்ந்தது எதைப் படிக்கும்? அவுஸ்திரேலியாவில் தேனுண்ணி இனம் ஒன்று, சில நூறு பறவைகளாகக் குறைந்துவிட்டது. காடு முழுவதும் அங்கொன்று இங்கொன்றாகச் சிதறிப்போனதால், இளம் ஆண்களுக்குப் பாட்டுச் சொல்லித்தர மூத்த ஆண் பக்கத்தில் இல்லை. அவை வேற்றினப் பறவைகளின் பாட்டைப் பிடித்துப் பாடுகின்றன. 2021இல் இந்த ஆய்வு வெளியானது. பாட்டுப் பிழைத்த ஆணுக்குச் சோடி கிடைப்பதும் அரிதாகிறது. இப்போது பிடித்து வளர்க்கும் குஞ்சுகளுக்கு, பழைய ஆண் பறவைகளின் பாட்டை ஒலிபரப்பிக் கற்பிக்க முயல்கிறார்கள். அண்ணாவியார் இல்லாத ஊரில் ஒலிநாடாவைப் போட்டுக் கூத்துப் பழக்கிய வருடங்கள் நமக்கும் இருந்தன. ஆட்டம் வந்தது, தாளம் வர வெகுநாள் பிடித்தது.

கேள்வி: யானை என் இரண்டு ஏக்கரை மிதித்துவிட்டுப் போகிறது. நீங்கள் திமிங்கிலம், குருவி என்று எழுதிக்கொண்டிருக்கிறீர்கள்.
— கமக்காரர், முத்தையன்கட்டு

பதில்: ஐயா, கோபம் நியாயமானது. நான் எழுதப்போவதால் உங்கள் வேளாண்மை திரும்பாது என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் இதைக் கேளுங்கள். பல வருடம் கூன்முதுகுத் திமிங்கிலத்தின் பாட்டைக் கேட்டு ஆராய்ந்த கேற்றி பெய்ன் என்ற பெண், 1984இல் அமெரிக்காவில் ஒரு விலங்குக் காட்சிச்சாலைக்குப் போய் யானைகளின் அருகே உட்கார்ந்திருந்தார். காதுக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் காற்று விட்டு விட்டு அதிர்வதை உடம்பு உணர்ந்தது. சிறு வயதில் தேவாலயத்தில் பாடும்போது பெரிய ஓர்கனின் ஆகத் தாழ்ந்த குழல் அப்படித்தான் அதிர்ந்தது என்று அவருக்கு நினைவு வந்தது. கருவி வைத்துப் பதிந்து பார்த்தால், யானைகள் நமக்குக் கேளாத குரலில் பேசிக்கொண்டிருந்தன.

நீங்கள் காவல் கொட்டிலில் இருந்து யானை வெடி கொளுத்தும்போது, ஒன்று கிழக்கே ஓட, அரை மைலுக்கு அப்பால் கண்ணுக்குத் தெரியாமல் நிற்பதும் அதே திசையில் விலகுகிறது என்று சொல்வீர்களே, அதற்கு இது ஒரு விளக்கம். வேலிக்கு விளக்கம் அல்ல. வேலி விடயத்தை உரிய இடத்துக்கு எழுதுங்கள். கடிதம் எழுத ஆள் வேண்டுமானால் என்னிடம் வாருங்கள்.

கேள்வி: கடற்பசு திமிங்கிலத்தின் உறவா?
— விடத்தல்தீவு மாணவன்

பதில்: இல்லை. இன்றுள்ள விலங்குகளில் திமிங்கிலத்துக்கு மிக நெருங்கிய உறவு நீர்யானை. கடற்பசுவுக்கு யானை. இரண்டும் தனித்தனியே கடலுக்குள் இறங்கியவை.

கேள்வி: நீருக்குள் இருக்கும் திமிங்கிலம் தூங்கினால் மூழ்கிவிடாதா?
— வவுனியா வாசகி

பதில்: அதன் சின்னச் சகோதரமான ஓங்கிலுக்கு (டொல்பின்) மூளையின் ஒரு பாதி தூங்க மறு பாதி விழித்திருக்கும், ஒரு கண் திறந்திருக்கும். பறவைகளிலும் இது உண்டு. வரிசையாகத் தூங்கும் தாராக்களில் இரு அந்தங்களிலும் இருப்பவை, வெளிப்புறக் கண்ணைத் திறந்து வைத்தபடி பாதி மூளையால் தூங்கும். எனக்கும் ஐந்தாம் பாடவேளையில் இப்படித் தூங்கும் மாணவர்கள் இருந்தார்கள்.

கேள்வி: இவ்வளவு எழுதுகிறீர்கள். உயிரோடு ஒரு திமிங்கிலத்தையாவது பார்த்திருக்கிறீர்களா?
— பெயர் இடாத கடிதம்

பதில்: ஒன்றே ஒன்று. சில வருடங்களுக்கு முன், சித்திரை விடுமுறையில் திருகோணமலைக்குப் போனோம். கோணேசர் கோயிலடியில் கடல் சடுதியாக ஆழமாகிறது. கடலுக்கடியில் உள்ள பெரும் பள்ளத்தாக்கு ஒன்று கரைக்கு அண்மை வரை வருகிறது. அதனால் அங்கே மலையில் நின்றே திமிங்கிலம் காணலாம் என்று மகளுக்கு நான்தான் ஆசை காட்டினேன். ஒரு மணித்தியாலம் நின்றோம். மருமகன் கச்சான் வாங்கி வந்தார். பேத்திக்கு அலுத்துவிட்டது.

பிறகு தூரத்தில், நீர்மட்டத்தில் இருந்து வெள்ளையாக ஒரு தூண் எழும்பிக் கலைந்தது. மனிதர் ஐவர் ஒருவர் தோளில் ஒருவர் ஏறி நின்ற உயரம் இருக்கும். கீழே சாம்பலும் நீலமுமாக ஒரு முதுகு, அது முடியவே முடியாதது போல உருண்டுகொண்டே போனது. கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். ஐந்து முறை மூச்சு விட்டது. ஐந்தாவதற்குப் பின் முதுகை வளைத்து இறங்கிவிட்டது.

"புகை மட்டும்தானே அம்மம்மா" என்றாள் பேத்தி.

இதயம் இப்போது எத்தனை துடிப்புக்கு இறங்கியிருக்கும் என்று நான் அவளுக்கு விளக்கத் தொடங்கினேன். அவள் பாதியிலேயே குரங்கு பார்க்கப் போய்விட்டாள். பதினொரு நிமிடம் கழித்து, முதலில் பார்த்த இடத்தில் இருந்து வெகு தெற்கே மறுபடியும் தூண் எழும்பியது. யாரையாவது கூப்பிட்டுக் காட்டலாம் என்று திரும்பினேன். முல்லைத்தீவு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று மருமகன் படியில் நின்று கை காட்டிக்கொண்டிருந்தார்.